வாடகை வீட்டு மண்ணில் தோட்டம் போடலாமா? செடியிடம் ஆன்மிகம் கற்றவர்கள் சொல்லுங்கள்

மாடிப்படி (மடிப்பாக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம்தான் மடிப்பாக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிவந்தோம். சமையலறையின் பின்கதவைத் திறந்தால் காம்பவுண்ட் சுவர் வரை ஒரு பட்டை நிலம், வீட்டின் நீளத்துக்கு ஓடுகிறது. இதுவரை தொட்டிச் செடி மட்டுமே வளர்த்த எனக்கு இதுவே பெரிய எஸ்டேட். ஆனால் வீடு கட்டியபோது மிஞ்சிய ரப்பீஸ் மொத்தத்தையும் அங்கேதான் கொட்டி நிரவியிருக்கிறார்கள். உடைந்த டைல்ஸ், செங்கல் துண்டு, இறுகிப்போன கலவைக் கட்டி, அதற்கு மேல் கோரை.

ஆடி பிறப்பதற்குள் மண்ணைச் சரிசெய்து விதை போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மாமியார் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பதினொரு மாச அக்ரிமென்ட் வீட்டுக்கு எவளாவது எரு வாங்கிப் போடுவாளா?" அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போன வீட்டில் வைத்த கறிவேப்பிலை ஆளுயரம் வந்து நின்றபோதுதான் காலி செய்தோம்.

எனக்கு இரண்டு கேள்வி. இந்த மண்ணை எப்படித் தேற்றுவது என்பது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் வேறு மாதிரி. தோட்டவேலை ஒரு தியானம், பொறுமையைக் கற்றுத்தரும், மனம் பக்குவப்படும் என்றெல்லாம் எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். உங்களில் யாருக்காவது நிஜமாகவே உள்ளுக்குள் ஏதாவது மாறியிருக்கிறதா? காலை வணக்கப் படத்தில் போடுகிற வாசகம் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்.

செம்மண் (மேடவாக்கம்)

முதல் கேள்விக்கு மட்டும் நான். இரண்டாவதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள்.

கடப்பாரை போட்டு ஓர் அடி ஆழத்துக்காவது கிளறுங்கள். செங்கல் துண்டு கொஞ்சம் தங்கினாலும் பாதகமில்லை. கலவைக் கட்டியை மட்டும் பார்த்துப் பொறுக்கி எறியுங்கள், சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும். அப்புறம் மக்கிய தொழுவுரம். அந்தப் பக்கம் போர் தண்ணீர் பல தெருவில் உப்பு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாத விஷயம். இந்த ஆடிக்குக் காய்கறியை மறந்துவிடுங்கள். தக்கைப்பூண்டு விதையுங்கள். உவரையும் தாங்கும், வேரில் முடிச்சு வைத்துக் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணுக்கு இறக்கும். நன்றாகத் தழைத்துப் பூ எடுக்கிற தருணத்தில் அப்படியே வெட்டி மண்ணோடு மடக்கிவிட வேண்டும். காய்க்க விட்டால் தண்டு முற்றி மக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் மக்கிச் சேரும். தையில் கத்தரி, வெண்டை, அவரை எது வைத்தாலும் வரும். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்பும் இதே வேலைதான். எது கிடைக்கிறதோ அதைச் செய்யுங்கள்.

முதல் போகம் உங்களுக்கு இல்லை, மண்ணுக்கு. அக்ரிமென்டில் பாதிக்குமேல் இதிலேயே போய்விடும், தெரிந்துதான் சொல்கிறேன்.

களைக்கொத்தி (அம்பத்தூர்)

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஒன்றும் மாறாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தோட்டம் வைத்திருக்கிறார். அரளி, நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி என்று வாசல் நிறையப் பூ. தினமும் பூஜை. பந்து எடுக்க ஒரு குழந்தை கேட்டைத் திறந்துவிட்டால் போதும், அவர் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. இத்தனை வருடத் தோட்டம் அவருக்கு எந்தப் பொறுமையைக் கற்றுத்தந்தது?

செடி பாடம் நடத்துவதில்லை. நம்மிடம் முன்பே இருப்பதைத்தான் செடி மேல் ஏற்றிவைத்துவிட்டு அது சொன்னது மாதிரி பேசிக்கொள்கிறோம். நானும் பத்துப் பதினைந்து பையில் காய்கறி வளர்ப்பவன்தான். எனக்கு அதிலிருந்து கிடைப்பது கத்தரிக்காய்.

ஓய்வுக்காலம் (நங்கநல்லூர்)

களைக்கொத்தி தம்பி, உங்கள் தெருக்காரருக்கு அப்பர் சுவாமிகள் அன்றைக்கே பதில் வைத்திருக்கிறார்.

நான்காம் திருமுறையில் வருகிற பாட்டு. மெய்ம்மையை உழவாகச் செய்து, விருப்பத்தை விதையாக விதைத்து, பொய்ம்மை என்ற களையைப் பிடுங்கி, பொறுமை என்ற நீரைப் பாய்ச்சி என்று வரிசையாக வரும். எல்லாரும் இதுவரைக்கும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அடுத்து வருவது "தம்மையும் நோக்கிக் கண்டு". அதற்குப் பிறகுதான் தகவு என்ற வேலி. உழுதாயிற்று, விதைத்தாயிற்று, களை எடுத்தாயிற்று, தண்ணீரும் பாய்ச்சியாயிற்று. இத்தனைக்கும் பிறகு உன்னையும் ஒரு பார்வை பார்த்துக்கொள் என்கிறார். உங்கள் தெருக்காரர் மற்ற எல்லாம் செய்து இந்த ஒன்றை விட்டுவிட்டார். வேலியை மட்டும் பலமாகப் போட்டிருக்கிறார்.

இதைப் பாடியவர் உட்கார்ந்த இடத்தில் உவமை தேடியவர் இல்லை. கையில் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் போய்ப் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் பக்கத்துக் கோயில் நந்தவனத்தில் ஞாயிறுதோறும் உழவாரப் பணிக்குப் போகிறேன். கோரைக் கிழங்கைப் பற்றி மாடிப்படி அம்மாவுக்கு ஒரு வார்த்தை. மேலே இருக்கிற புல்லை இழுத்தால் கையோடு வந்துவிடும், வேலை முடிந்தது போல இருக்கும். கருப்பாக, கடலை அளவில், சரம் சரமாகக் கீழே கிழங்கு இருக்கும். அதில் ஒன்று தங்கினாலும் அடுத்த மழைக்கு அத்தனையும் திரும்ப வரும். குந்தி உட்கார்ந்து, மண்ணை விரலால் உதிர்த்து, நூல் பிடித்தது போலப் போய்த்தான் எடுக்க வேண்டும். என்னிடம் என்ன மாறியது என்று கேட்டால், இந்த வேலை செய்கிற நேரத்தில் நான் யாரையும் மனதுக்குள் திட்டுவதில்லை. மற்ற நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

களைக்கொத்தி

ஐயா, பாட்டு நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. புத்தரும் கிட்டத்தட்ட இதையே காசி பாரத்துவாசன் என்ற உழவனிடம் சொல்லியிருக்கிறார். "நீர் உழுவதும் இல்லை, விதைப்பதும் இல்லை, சோறு மட்டும் கேட்கிறீரே" என்று அவன் மடக்கியபோது, நம்பிக்கையே என் விதை, தவமே மழை என்றாராம். ஆனால் கவனியுங்கள், இரண்டிலும் உழவு வெறும் உவமைதான். தோட்டம் போட்டால் ஞானம் வரும் என்று இருவரும் சொல்லவில்லை. ஞானத்தை விளக்கத் தோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.

புன்னைமரம் (மயிலாப்பூர்)

உவமையாக இல்லாமல் நிஜத்தில் நடப்பதைச் சொல்கிறேன், தம்பி தீர்ப்பு சொல்லட்டும்.

எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் பந்தல் போட்டுச் சுரை, பீர்க்கை ஏற்றியிருக்கிறேன். கொடியில் முதலில் ஆண் பூவாகத்தான் வரும். புதிதாக வளர்ப்பவர்கள் "பூ எல்லாம் உதிர்ந்துபோகிறதே" என்று பதறுவார்கள். கொஞ்ச நாள் கழித்துத்தான் பெண் பூ தலைகாட்டும். பூவுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் ஒரு பிஞ்சு, மேலே வெள்ளை வெல்வெட் மாதிரி ரோமத்தோடு இருந்தால் அது பெண். நாலாவது மாடிக்குத் தேனீ, வண்டு அதிகம் வருவதில்லை. மகரந்தம் சேராத பிஞ்சு இரண்டு மூன்று நாளில் மஞ்சளடித்து, நுனி சுருங்கி, தொட்டால் விழுந்துவிடும்.

அதனால் கையால் சேர்த்துவிட வேண்டும். பூசணி காலையில் மலரும், அது சுலபம். சுரையும் பீர்க்கையும் மலர்வது சாயங்காலம். கீழே விளக்கேற்றிவிட்டு அந்தக் கையோடு மாடிக்குப் போவேன். சுரைப்பூ அப்போதுதான் சுருக்கம் பிரிந்து விரிந்துகொண்டிருக்கும், வெள்ளைத் துணியைக் கசக்கி உதறினது போல. ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழை நீக்கிவிட்டு, நடுவில் இருப்பதைப் பெண் பூவின் நடுவில் லேசாக ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. முழுதாக விரியாத பூவைப் பலவந்தமாகப் பிரித்தாலும் பிடிக்காது. அது விரிகிற வரைக்கும் நிற்கத்தான் வேண்டும்.

டிவி சீரியல் நேரம், ஆபீசிலிருந்து பிள்ளைகள் போன் பண்ணும் நேரம், எல்லாமே அதேதான். பூ எனக்காக ஒத்திப்போடாது. சந்தியா வேளையில் கொஞ்சம் உட்கார் என்று என் அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டும் உட்காராதவள், சுரைக்காய்க்காக தினம் நிற்கிறேன். இதை ஆன்மிகம் என்று சொல்வீர்களா, காய் ஆசை என்பீர்களா, எனக்கு இரண்டும் சம்மதம்.

பரங்கிமலை

மாடிப்படி சகோதரிக்கு. வாடகை வீடு என்கிற உங்கள் தயக்கத்தைப் படித்ததும் லூக்கா 13ஆம் அதிகாரத்து அத்திமரம்தான் நினைவுக்கு வந்தது.

தோட்டக்காரரிடம் நிலத்துக்குச் சொந்தக்காரர் வந்து, மூன்று வருடமாகப் பார்க்கிறேன், இதில் கனியே இல்லை, வெட்டிப்போடு, நிலத்தை ஏன் இது கெடுக்க வேண்டும் என்கிறார். தோட்டக்காரர், இந்த வருடமும் இருக்கட்டும் ஐயா, சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன், கனி கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் பிறகு வெட்டலாம் என்கிறார். கதை அவ்வளவுதான். அடுத்த வருடம் மரம் காய்த்ததா என்று இயேசு சொல்லவேயில்லை.

பிரசங்கத்தில் இதைக் கேட்கும்போதெல்லாம் நாம்தான் அந்த மரம் என்று வைத்துத்தான் பேசுவார்கள். எனக்கு அந்தத் தோட்டக்காரர் மேல்தான் கண். நிலம் அவருடையது இல்லை. மரம் அவருடையது இல்லை. காய்த்தால் கூடையில் போவது முதலாளிக்கு. அவருக்கு ஒரு வருடத் தவணைதான், ஏறக்குறைய உங்கள் அக்ரிமென்ட் அளவு. அந்தத் தவணையில் அவர் கேட்டது எரு போடுகிற வேலையை. எங்கள் வீட்டிலும் ஒரு மாதுளை காய்க்காமல் நின்றது. சும்மா காத்திருப்பதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, கொத்துவதும் எருவும்தான் பொறுமை என்று அந்த வசனத்தில்தான் உறைத்தது.

(மாதுளை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். நானும் சொல்லப்போவதில்லை.)

களைக்கொத்தி

சொந்தம், வாடகை என்று பேச்சு வந்ததால் ஒரு சிக்கலை வைக்கிறேன். யாராவது அவிழ்த்தால் ஒப்புக்கொள்கிறேன்.

யான், எனது என்ற செருக்கை அறுக்க வேண்டும் என்கிறது 346ஆவது குறள். ஆன்மிகம் பேசுகிற எல்லாரும் இதை எடுப்பார்கள். அதே வள்ளுவர் உழவு அதிகாரத்தில், 1039ஆவது குறளில், நிலத்துக்கு உரியவன் தினமும் போய்ப் பார்க்காவிட்டால் நிலம் மனைவி மாதிரி ஊடிவிடும் என்கிறார். ஊடலுக்கு உரிமை வேண்டுமே. என்னுடையது என்ற நினைப்பு இல்லாதவன் எதற்குத் தினமும் போய்ப் பார்க்கப்போகிறான்? கார்ப்பரேஷன் பூங்காவில் வாடிக்கிடக்கும் செடியைப் பார்த்துவிட்டு நடைப்பயிற்சிக்காரர்கள் நூறு பேர் தாண்டிப்போகிறார்கள். அங்கே யாருக்கும் 'எனது' இல்லை. செடியும் இல்லை.

ஐஸ்ஹவுஸ்

தம்பி கேட்டது நல்ல கேள்வி. அவிழ்க்கிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2019 கோடை உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, கடைசியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். எங்கள் தெருவில் லாரி வருகிற நேரம் தெரியாது. நடுராத்திரி வந்தாலும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஆள் நிற்க வேண்டும். எங்கள் மாடியில் அம்மா வைத்த மருதாணி, புதினா, கொஞ்சம் ரோஜா இருந்தது. என் வீட்டுக் குடத்தில் வந்த தண்ணீர், என் வீட்டுச் செடி, ஊற்றினால் யார் கேட்கப்போகிறார்கள் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் மாடித் தண்ணீர் வழிந்து வெளிக்குழாய் வழியாகத் தெருவில் சொட்டியது. வரிசையில் நின்ற ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து லாரித் தண்ணீர் செடிக்குக் கிடையாது என்று அம்மா முடிவெடுத்தார். ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்கிற தண்ணீரைக் கீழே ஓடவிடாமல் அகலமான பேசினில் பிடித்தோம். அரிசி களைந்தது, மீன் கழுவினது, ஏசியிலிருந்து சொட்டுவது எல்லாம் சேர்ந்தது. எந்தச் செடிக்கு இன்றைக்கு, எதற்கு நாளைக்கு என்று அம்மாதான் பங்கு வைப்பார். ரோஜாவும் புதினாவும் போய்விட்டன. மருதாணி கட்டை மாதிரி நின்று மழைக்குத் துளிர்த்தது.

அந்தச் செடிகளை அம்மா தம்முடையது என்று நினைத்தாரா, இல்லையா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரவில் எழுந்துபோய்ப் பார்க்கிற அளவுக்குத் தம்முடையது. ஆனால் அடுத்தவர் குடத்திலிருந்து எடுத்து ஊட்டுகிற அளவுக்கு இல்லை.

மாடிப்படி சகோதரி, நபிகள் சொன்ன இரண்டு ஹதீஸ் உங்களுக்கு உதவும். ஒருவர் நட்டதிலிருந்து பறவையோ மனிதனோ பிராணியோ தின்றால் அது அவர் கணக்கில் தர்மம். அடுத்து வாடகைக்கு வருகிறவர் பறித்தாலும் அதே கணக்கில்தான் ஏறும். இன்னொன்று, உலகம் முடிகிற நேரமே வந்துவிட்டாலும் கையில் ஒரு கன்று இருந்து, நட முடியுமானால் நட்டுவிடு என்பது. உலக முடிவுக்கே அப்படி என்றால் பதினொரு மாதம் தாராளம்.

மாடிப்படி

ஐஸ்ஹவுஸ் அண்ணா, உங்கள் பதிவை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். 2019இல் அவர் புழுதிவாக்கத்தில் இருந்தார், லாரிக் கதை அவரிடமும் நிறைய இருக்கிறது. "அந்தம்மா பங்கு வெச்சாங்க பாரு, அது" என்றார். எரு விஷயத்தில் இன்னும் இறங்கிவரவில்லை.

செம்மண் சொன்னபடி தக்கைப்பூண்டுதான் என்று முடிவு செய்துவிட்டேன். கிளற ஆரம்பித்தாயிற்று. ஒரு பாண்டு மண்ணுக்கு அரைப் பாண்டு கல் வருகிறது.

இதற்கிடையில் வேறொரு பிரச்சினை. முன்பக்கம் ஓனர் வைத்த செம்பருத்தி காம்பவுண்டுக்கு வெளியே சாய்ந்திருக்கிறது. விடிவதற்குள் வாக்கிங் போகிறவர்கள் குச்சியால் வளைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். மொட்டைக்கூட விடுவதில்லை. எல்லாம் பூஜைக்காம். இதை என்ன செய்வது?

புன்னைமரம்

இந்தச் சென்னையில் இந்தக் கேள்விக்கு மட்டும் விடை கிடையாது, அம்மா. மயிலாப்பூரில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் கொக்கி வைத்த கழியே கொண்டுவருவார். திருடின பூவைச் சாமி ஏற்காது என்பாள் என் பாட்டி. திருடி வைத்தால்தான் மணிபிளான்ட் வளரும் என்று சொல்கிற ஊரும் இதுதான்.

பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தவர். பூவைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் மண் கொத்தி, தண்ணீர் இறைத்து, காவல் இருந்த பாடெல்லாம் அவருடையது. நமக்குக் கடைசிப் பகுதி மட்டும் போதும் என்று ஆகிவிட்டது.

நான் செய்தது ஒன்றுதான். சுவர் ஓரமாகப் பவழமல்லி வைத்தேன். ராத்திரி மலர்ந்து விடியற்காலையில் தானாகவே உதிர்ந்துவிடும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பார்கள், இதற்கு மட்டும் விலக்கு. வெளிப்பக்கம் சாய்ந்த கிளைக்குக் கீழே பிளாட்பாரத்தைக் கூட்டிப் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிடுவேன். ஆரஞ்சுக் காம்போடு அத்தனையும் அதில் கிடக்கும். வேண்டுமென்கிறவர்கள் பொறுக்கிக்கொள்வார்கள். செம்பருத்தியைப் பறிக்க வந்தவர் இப்போது அங்கே குனிந்துகொண்டிருக்கிறார். வேட்டியை யாரோ ஒருமுறை எடுத்துப்போனது தனிக் கதை.

ஓய்வுக்காலம்

பறிப்பதா வேண்டாமா என்பதற்கே தாயுமானவர் வேறு பாதை. பூஜைக்குப் பூ எடுக்கப் போனால் அந்த மலருக்குள்ளேயே நீதான் இருக்கிறாய், எடுக்க மனம் வரவில்லை என்கிறார். என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் நாளையிலிருந்து பூக்கடைக்குக் காசு மிச்சம்" என்றாள். அவளும் பறிப்பதை நிறுத்தவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் மொட்டைப் பறிப்பதை இருவரும் விட்டுவிட்டோம்.

களைக்கொத்தி தம்பியின் சிக்கலுக்கு வருகிறேன். நந்தவனத்தில் நாங்கள் வைத்த செடி எதுவும் எங்களுடையது இல்லை, கோயிலுடையது. ஆனாலும் ஒரு ஞாயிறு போகாவிட்டால் எனக்குத் திங்கட்கிழமை இருப்புக் கொள்வதில்லை. உரிமை இல்லாமலும் ஊடலுக்குப் பயப்படலாம் போலிருக்கிறது.

களைக்கொத்தி

ஐயா, இது அவிழ்த்தது ஆகாது. உங்களுக்கு அங்கே 'எனது' இல்லை என்றால் உங்கள் இடத்தில் வேறொருவர் களை எடுத்தால் சந்தோஷமாக வீட்டில் இருப்பீர்களா?

ஓய்வுக்காலம்

இருக்க மாட்டேன். நல்ல அடி.

பரங்கிமலை

இதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஐயாவுக்கு என் வணக்கம்.

அடையாறு அணில்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரே ஒரு விஷயம். பிரம்மஞான சபை ஆலமரத்தின் நடுமரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இன்றைக்கு நாம் போய்ப் பார்த்து வியப்பதெல்லாம் விழுதுகளைத்தான். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்று எங்கள் தெருவில் ஒரே ஆணிவேராக நின்ற பெரிய மரங்கள்கூட மல்லாந்து கிடந்தன. மாடிப்படி அக்கா, நீங்கள் விட்டுவந்த கறிவேப்பிலை பக்கக்கன்று நிறைய விட்டிருக்கும். பழைய ஓனரிடம் கேட்டு ஒன்றைத் தோண்டி எடுத்து வாருங்கள். வருந்துவதைவிட அது சுலபம்.

மாடிப்படி

அட, இது தோன்றவேயில்லை. இந்த வாரமே கேட்கிறேன்.

இப்போது உண்மையாகவே மனதை அரிக்கிற கேள்வி. போன வாரம் ஒரு மழை அடித்ததே, அன்று ராத்திரி பின்பக்க விளக்கைப் போட்டால் சுவர் முழுக்க ஆப்பிரிக்க நத்தை. உள்ளங்கை அளவு. தொட்டியில் இருந்த கீரை நாற்று அடியோடு காலி. நாங்கள் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. கொல்லாமல் என்ன வழி?

செம்மண்

இரவில் ஈரச் சாக்கை மண்மேல் போட்டு வையுங்கள், அடியில் கோஸ் இலை அல்லது பப்பாளித் தோல். விடியற்காலை தூக்கினால் எல்லாம் அதற்கடியில் சேர்ந்திருக்கும். பக்கெட்டில் கெட்டியான உப்புத் தண்ணீர் கரைத்து அதில் போட வேண்டும். கொண்டுபோய் ஏரிக்கரையில் விடுகிறேன் என்று கிளம்பாதீர்கள், அது இந்த ஊர்ப் பிராணி இல்லை. அங்கே விட்டால் அங்கிருப்பவர்கள் தோட்டத்தை முடிக்கும். உப்புத் தண்ணீரை மண்ணில் கொட்டவும் கூடாது.

புன்னைமரம்

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்கும்போது எனக்கும் இந்த நெருடல் உண்டு. செம்பருத்தி இலையைத் திருப்பினால் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், எறும்பு வரிசையாகப் போய் அதைப் பராமரித்துக்கொண்டிருக்கும். லிட்டருக்கு ஐந்து மில்லி எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமாக அடித்தால் ஒரு குடும்பமே போகும். அதற்கு முன்னால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பார்ப்பேன். பாதி நேரம் அதிலேயே அடங்கிவிடும். நத்தைக்கு அந்த வசதி இல்லை.

களைக்கொத்தி

கத்தரி சாப்பிடுகிற யாரும் கொல்லாமல் சாப்பிடவில்லை. சந்தையில் வாங்கினால் அந்தக் கொலையை விவசாயி செய்துவிடுகிறார், நமக்குக் கை சுத்தம். சொந்தமாகத் தோட்டம் போட்டால் அது தெரியவருகிறது. செடி எதையாவது கற்றுத்தருகிறது என்று நான் ஒப்புக்கொண்டால் இதை மட்டும் ஒப்புக்கொள்வேன்.

மாடிப்படி

வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, "நான் போட்டுடறேன்மா, நீ உள்ள போ" என்றார். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. களைக்கொத்தி எழுதியதைப் படித்தபிறகு அது சரியில்லை என்று படுகிறது. செய்வதானால் நானே செய்ய வேண்டும், இல்லையென்றால் கீரையை நத்தைக்கு விட்டுவிட வேண்டும். இன்னும் முடிவுக்கு வரவில்லை. சாக்கு மட்டும் நனைத்துப் போட்டிருக்கிறேன்.

ஐஸ்ஹவுஸ்

எந்த முடிவானாலும் வெறுங்கையால் எடுக்காதீர்கள், சகோதரி. அந்த நத்தையில் மனிதருக்கு ஆகாத ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம், மூளைவரை போகக்கூடியது. கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் கிட்டே விடாதீர்கள். தோட்டத்துக் கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

செம்மண்

தக்கைப்பூண்டு விதை என்னிடம் மிச்சம் இருக்கிறது, உங்கள் பட்டைக்குத் தாராளமாகப் போதும். மேடவாக்கம் கூட்டுரோடு பக்கம் வந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். விதைப்பதற்கு முந்தின நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட மறக்காதீர்கள், தோல் கெட்டி.